துடைப்பக் கட்டையில் ஒரு தொப்பி

குரபியே என்கிற சர்க்கரை பிஸ்கட் வாங்கப் போகும் வழியில், யொர்தானிஸின் வீடியோ கடைக் கண்ணாடிக்குள் அப்பாவைப் பார்த்தேன்.

புதிதாக வந்த கேசட்டின் அட்டை. அப்பாவின் முகத்தைக் கேலிச்சித்திரமாக வரைந்திருந்தார்கள். கண்கள் வெளியே தள்ளி நின்றன. கன்னத்தில் திராட்சை அளவுக்கு ஒரு கண்ணீர்த் துளி. அவருக்கு எதிரே நாற்காலியில் ஓர் ஆடு உட்கார்ந்திருந்தது. ஆட்டின் தலையில் சாம்பல் நிறத் தொப்பி. மேலே சிவப்பு எழுத்தில் 'என் தம்பிக்குத் தாடி' என்று போட்டிருந்தது. கீழே சின்னதாக, 'சிரித்துச் சிரித்து இந்த வருடத்தின் வயிற்றுவலி'.

அந்தத் தொப்பியை எனக்குத் தெரியும். ஜூலையில் ஒரு பிற்பகல் முழுக்க அதைத் தாங்கிப் பிடித்தவள் நான்தான்.

திராசோஸ் மாமா படம் எடுப்பவர். தியேட்டருக்குப் போகிற படம் இல்லை. வீடியோ கடைகளுக்கென்றே எடுப்பது. அந்த வருடங்களில் எங்கள் ஊரான கொக்கினியாவில் ரொட்டிக் கடைகளைவிட வீடியோ கடைகள் அதிகம். அவருக்கு ஒரே கேமரா, ஒரே வாரம், தெரிந்தவர்களின் வீடு. நடிப்பவர்களுக்கு முழுக் கதையைத் தரமாட்டார். அவரவர் பேசுகிற பக்கங்களைக் காலையில் கையில் திணிப்பார். எதிரெதிரே பேசும் இருவரை ஒரே நாளில் வரவழைத்தால் இருவருக்கும் சாப்பாடு போட வேண்டும். அதனால் ஒருவர் பேசுவதை இன்று எடுப்பார். மற்றவர் பேசுவதை வேறொரு நாள், வேறோர் இடத்தில் எடுத்து, இரண்டையும் வெட்டி ஒட்டுவார்.

எனக்கு ஞானத்தகப்பனாக நின்று, என்னை ஞானஸ்நானத் தொட்டியில் முக்கியெடுத்தவர் அவர். அந்த முறையில் அவரும் அப்பாவும் ஒருவரையொருவர் 'கும்பாரே' என்று கூப்பிட்டுக்கொள்வார்கள். கும்பாரோஸ் கேட்டால் இல்லையென்று சொல்லக்கூடாது.

அப்பாவுக்குத் தண்ணீர் வரி அலுவலகத்தில் வேலை. ஞாயிறுகளில் கோவிலில் இடப்பக்கம் நின்று பாடுவார். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. அவரைப் பார்த்து யாரும் சிரித்ததும் இல்லை.

"எனக்கு நடிக்க வராது கும்பாரே," என்றார் ஜூலையில்.

"நடிக்கச் சொன்னேனா? பேசு. தம்பிகிட்ட நாலு வார்த்த பேசணும், அவ்வளவுதான்."

"எந்தத் தம்பி?"

"கதையில ஒருத்தன். வெளிநாடு போனவன். அம்மா செத்ததுக்குக்கூட வராதவன்."

அப்பா கையிலிருந்த பக்கத்தைப் பார்த்தார். அம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள். மினாஸ் சித்தப்பா மெல்போர்னில் இருந்தார். அப்பாவின் அம்மா இறந்தபோது அவர் வரவில்லை. அதற்குப் பிறகு இருவரும் பேசிக்கொள்ளவில்லை. நல்ல நாள்களில்கூட அங்கிருந்து போன் வராது.

எங்கள் வரவேற்பறையில், தம்பி உட்கார வேண்டிய நாற்காலியில் திராசோஸ் மாமா ஒரு துடைப்பக் கட்டையை நிறுத்தித் தொப்பியை மாட்டினார். கட்டை சரிந்தது.

"போப்பி, நீ சும்மாதானே நிக்கற. பின்னால உட்கார்ந்து பிடிச்சுக்க."

இயற்பியல் படித்துவிட்டு ஆசிரியர் நியமனத்துக்காகக் காத்திருந்தேன்.  நாற்காலிக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து கட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

அப்பா முதலில் காகிதத்தில் இருந்ததை ஒப்பித்தார். வரிக் கட்டண ரசீதை வாசிப்பதுபோல் இருந்தது. திராசோஸ் மாமா கேமராவை நிறுத்தினார்.

"அந்தக் காகிதத்தக் கீழ போடு. உனக்கும் ஒரு தம்பி இருக்கான்ல. அவன் இந்த நாற்காலியில உட்கார்ந்திருந்தா என்ன சொல்வியோ, அதச் சொல்லு."

பாடுவதற்கு முன்னால் அப்பா நீளமாக மூச்சை இழுத்து ஒரு கணம் நிற்பார். அப்படி நின்றார். பிறகு பேசினார்.

"முதல்ல தொப்பியக் கழட்டு. இது அம்மாவோட வீடு." கொஞ்சம் காத்திருந்தார். "பேச மாட்டியா? வாயத் திறந்து ஒரு வார்த்த சொல்லுடா." மறுபடி காத்திருந்தார். "நீ தின்னு வளர்ந்ததெல்லாம் யாரோட உழைப்பு? கடைசி வரைக்கும் அவ வாசலையே பார்த்துக்கிட்டிருந்தா. வந்துக்கிட்டே இருக்கான்மான்னு சொன்னேன். உனக்காக நான் பொய் சொன்னேன்."

எனக்குக் கை வலித்தது. கட்டை ஆடியது. தொப்பி இடதுபக்கம் போய் வலதுபக்கம் வந்தது. அப்பாவின் கண்களும் கூடவே போய் வந்தன.

"முகத்தத் திருப்பாத. என்னையப் பாரு," என்றார். அழுதுகொண்டிருந்தார்.

 ஒலிப்பதிவு செய்தவர் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார். அவரும் அழுகிறார் என்று நினைத்தேன்.

தம்பியின் பகுதியை எடுக்க வேண்டும் என்று நாற்காலியையும் தொப்பியையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். சில வாரம் கழித்து நாற்காலி திரும்பி வந்தது. கோரைப்பின்னலின் ஓரம் கடிபட்டிருந்தது. எலி என்றாள் அம்மா.

அன்று சாப்பிடும்போது அப்பா அம்மாவிடம் ஒரே ஒரு முறை அதைப் பற்றிப் பேசினார். "இது மெல்போர்னுக்கும் போகுமாம். அங்க நம்மாளுங்க கடையிலயெல்லாம் வாடகைக்கு விடுவாங்களாம். அவனும் பார்ப்பான்."

இப்போது அந்தப் படம் கண்ணாடிக்குள் இருந்தது. அன்று புனித ஸ்பிரிதோன் நாள். அப்பாவைப்போல ஸ்பீரோஸ் என்று பெயர் வைத்த எல்லார் வீட்டிலும் அன்று விழா. நாமத் திருநாளுக்கு நாங்கள் யாரையும் அழைப்பதில்லை. கதவு திறந்திருக்கும், தெருவே வரும். வர வேண்டாம் என்றால் முன்கூட்டியே பேப்பரில் போட வேண்டும், அதுவும் துக்கம் நடந்த வீட்டார்தான் போடுவார்கள். அப்பா கேசட்டைத் துணியில் சுற்றி டிவிக்கு அடியில் வைத்திருந்தார். திராசோஸ் மாமா அட்டையில்லாமல் யாரிடமோ கொடுத்தனுப்பியது. சாயங்காலம் எல்லாரோடும் சேர்ந்து பார்ப்பதாக ஏற்பாடு.

பெட்டிக்கடை போனிலிருந்து திராசோஸ் மாமாவைக் கூப்பிட்டேன்.

"மாமா, ஆடு," என்றேன். 

"பார்த்துட்டியா? அட்டை நல்லா வந்திருக்குல்ல?"

"அப்பாகிட்ட நீங்க சொல்லவே இல்ல."

"சொன்னா அப்படிப் பேசியிருப்பானா? எத்தன படம் எடுத்திருக்கேன் போப்பி. சிரிக்க வைக்கறேன்னு வந்தவன் எவனும் சிரிக்க வைக்கல. மூஞ்சியக் கோணுவான், தடுக்கி விழுவான், ஒருத்தனும் சிரிக்க மாட்டான். உங்கப்பன் பேசினத வெட்டி ஒட்டினப்ப நாற்காலியிலருந்து விழுந்துட்டேன்."

"அவரு சிரிக்க வைக்கறதுக்குப் பேசல மாமா."

அந்தப் பக்கம் தீக்குச்சி உரசும் சத்தம் கேட்டது. பிறகு, "தெரியும்," என்றார். "அதனாலதான் உங்க வீட்டுப் பக்கமே வரல."

"இன்னைக்கு எல்லாருக்கும் போட்டுக் காட்டப் போறாரு. கோவில் சாமியாரும் வருவாரு."

"ஐயையோ. கேசட் கெட்டுப்போச்சுன்னு சொல்லேன். கேசட்டுன்னா ஆயிரம் கோளாறு வரும்."

"நீங்க வர்றீங்களா?"

"எனக்குத் தொண்ட சரியில்ல," என்று இருமிக் காட்டினார். நடிக்க அவருக்கும் வராது.

வீட்டில் அப்பா கோட்டுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். நாற்காலிகள் எல்லாம் டிவியைப் பார்க்கத் திருப்பப்பட்டிருந்தன. மேல்மாடி பல் டாக்டர் வீட்டிலிருந்து வீடியோ பெட்டி வந்து உட்கார்ந்திருந்தது.

"அப்பா, படத்த இன்னொரு நாள் பார்க்கலாமே."

"ஏன்?"

"முதல்ல நாம மட்டும் பார்த்துட்டு..."

"தனியாப் பார்க்க எனக்குக் கூச்சமா இருக்கு." இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "அந்த இடத்துல கொஞ்சம் அழுதுட்டேன், இல்ல?"

"ஆமாப்பா."

"அசிங்கமா இருக்குமா?"

"இல்லப்பா," என்றேன்.

அவர் சட்டை மாற்றப் போனதும் கேசட்டை எடுத்துக்கொண்டு மொட்டைமாடி அறைக்குப் போனேன். பழைய ரேடியோ ஒன்று அங்கே கிடந்தது. ஒலிபெருக்கியைக் கழற்றிக் காந்தத்தைப் பிடுங்கினேன். நாடாவில் இருப்பது வெறும் காந்தத் தூள். அது எந்தத் திசையில் படுத்திருக்கிறதோ அதுதான் படம். அப்பாவின் அழுகையும் அப்படித்தான் படுத்திருந்தது. கேசட்டின் இரண்டு பக்கமும் காந்தத்தை வைத்து மெதுவாகத் தேய்த்தேன். படித்த படிப்பு முதன்முறையாக வீட்டுக்குப் பயன்பட்டது. கேசட்டை அதே துணியில் சுற்றி அதே இடத்தில் வைத்தேன்.

இருட்டியதும் வர ஆரம்பித்தார்கள். பல்லாண்டு வாழணும் ஸ்பீரோ, பல்லாண்டு வாழணும். கோட்டுகளிலிருந்து பாச்சை உருண்டை வாசம். அம்மா பிராந்தியும் குரபியேயும் கொடுத்தாள். சாமியார் அந்திமோஸ் வந்ததும் எல்லாரும் எழுந்து அவருக்கு முன்வரிசையில் இடம் விட்டார்கள். அந்தக் கோரை நாற்காலி. அவர் தாடியில் குரபியேயின் சர்க்கரை படிந்திருந்தது.

அப்பா கேசட்டைத் தானே உள்ளே தள்ளினார். திரை முழுக்க வெள்ளைப் புள்ளிகள். எண்ணெயில் எதையோ போட்டதுபோல் சத்தம். ஒரு கணம் அப்பாவின் நெற்றி மட்டும் தெரிந்து மறைந்தது.

முதலில் நிம்மதியாக இருந்தது. பிறகு அப்பாவைப் பார்த்தேன். பித்தானை அழுத்தினார், மறுபடி அழுத்தினார். காது மடல்கள் சிவந்திருந்தன.

"மன்னிச்சுக்கணும்," என்றார் எல்லாரையும் பார்த்து. "உட்கார வச்சுட்டேன். ஒரு அண்ணன் தம்பி கதை. அண்ணன் பேசுவான், தம்பி கேட்டுக்கிட்டிருப்பான். நல்லா வந்திருந்ததுன்னு சொன்னாங்க."

எனக்குத் தரையைப் பார்க்கத்தான் முடிந்தது.

"அதனாலென்ன ஸ்பீரோ அண்ணே." கதவோரத்திலிருந்து யொர்தானிஸ் எழுந்தார். வண்ணக் காகிதம் சுற்றிய ஒரு பொட்டலம் அவர் கையில் இருந்தது. "திருநாளுக்கு வெறுங்கையோடயா வருவாங்க? என்னடா கொண்டு போறதுன்னு பார்த்தேன். கடைக்கு ரெண்டு வந்தது. ஒண்ணு உங்களுக்கு."

அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அப்படி அவர் யார் கையையும் பிடித்து நான் பார்த்ததில்லை. யொர்தானிஸ் காகிதத்தைக் கிழித்துத் தானே கேசட்டைப் போட்டார்.

'முதன்முறையாக' என்று போட்டு அப்பாவின் பெயர் வந்தது. கைதட்டினார்கள். அடுத்து ஒரு குண்டு ஆள் தண்ணீர்த் தொட்டியில் விழுந்தான். யாரும் சிரிக்கவில்லை. "இது எங்க பகுதி இல்ல," என்றார் அப்பா.

பிறகு எங்கள் வரவேற்பறை வந்தது. அப்பா மூச்சை இழுத்து நின்றார். "முதல்ல தொப்பியக் கழட்டு. இது அம்மாவோட வீடு."

ஆடு வந்தது. தொப்பியோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. அதன் தாடியில் வைக்கோல் ஒட்டியிருந்தது.

பிராந்தித் தம்ளர்கள் பாதி வழியில் நின்றன.

"பேச மாட்டியா? வாயத் திறந்து ஒரு வார்த்த சொல்லுடா."

ஆடு வாயைத் திறந்தது. யோசித்தது. மூடிக்கொண்டது.

யாரோ மூக்கால் காற்றை விட்டார்கள். "நீ தின்னு வளர்ந்ததெல்லாம் யாரோட உழைப்பு?" என்றார் திரையில் அப்பா. ஆடு குனிந்து, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியின் ஓரத்தை உருவி மென்றது.

"ஐயோ, அது எலி இல்லையா?" என்றாள் அம்மா.

சாமியார் அந்திமோஸ் மெதுவாக ஒரு பக்கமாகச் சாய்ந்து, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியின் ஓரத்தைப் பார்த்தார். கடிபட்ட இடத்தை விரலால் தடவினார். அவர் தோள்கள் குலுங்கின. தாடியிலிருந்து சர்க்கரை பறந்தது. அவ்வளவுதான். அறை வெடித்தது.

நான் சிரிக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு அப்பாவையே பார்த்தேன். அவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்டைப் பார்த்தார், தன்னைப் பார்த்தார், மறுபடி ஆட்டைப் பார்த்தார். புரியாத பாஷையில் யாரோ வழி சொல்வதைக் கேட்பதுபோல் இருந்தது முகம்.

அப்போது அந்த இடம் வந்தது. ஆடு தலையை இடதுபக்கம் திருப்பியது. அப்பாவின் கண்கள் இடதுபக்கம் போயின. ஆடு வலதுபக்கம் திருப்பியது. கண்கள் வலதுபக்கம். "முகத்தத் திருப்பாத. என்னையப் பாரு." ஆடு நேராகப் பார்த்து, நீளமாக, மரியாதையாக ஒரு முறை கத்தியது.

என்னிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அது என் குரல் என்று எனக்கே தெரியவில்லை. மூச்சு முட்டியது, கண்ணில் நீர் வழிந்தது, நிறுத்த முடியவில்லை. மற்றவர்கள் ஓய்ந்த பிறகும் நான் சிரித்துக்கொண்டிருந்தேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்பாவும் திரும்பினார்.

"தொப்பிய ஆட்டினது நீதான்," என்றார். எழுந்து அடுப்படிக்குப் போனார்.

பின்னால் போனேன். கழுவி வைத்த கண்ணாடித் தம்ளர்களை மறுபடி கழுவிக்கொண்டிருந்தார்.

"உனக்கு முன்னாடியே தெரியும்."

"மத்தியானத்துலருந்துப்பா."

"அந்தக் கேசட்?"

"காந்தம் வச்சுத் தேய்ச்சேன்."

தலையசைத்தார். "படிப்பு வீண் போகல," என்றார். அது கிண்டலா என்று தெரியவில்லை. அதுவரை அவர் கிண்டல் செய்ததில்லை.

"அப்பா, நான் சிரிச்சது..."

"இவங்க சிரிக்கட்டும். இவங்களுக்காகவா பேசினேன்?" தம்ளரைக் கவிழ்த்து வைத்தார். "அவன் பார்ப்பான் போப்பி. ஊரக் கூட்டி வச்சு என்னைய ஆடாக்கிட்டான்னு நினைப்பான். நான் சொன்னது எதுவும் காதுல விழாது. ஆடுதான் தெரியும்."

"மாமாகிட்டச் சொல்லி மெல்போர்னுக்கு அனுப்ப வேண்டாம்னு..."

"போன மாசமே போயிடுச்சாம். யொர்தானிஸ் சொன்னான். பெருமையாத்தான் சொன்னான்."

உள்ளேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள். "ஸ்பீரோ, அந்த இடத்த மறுபடி ஒரு தடவ போடலாமா? சாமி கேட்கறாரு."

அப்பா கையைத் துடைத்தார். தம்ளர்களைத் தட்டில் அடுக்கினார். "சாமி கேட்டா போடத்தானே வேணும்," என்று தட்டோடு உள்ளே போனார். நான் போகவில்லை. மூன்று முறை போட்டார்கள். மூன்று முறையும் அப்பா அதே இடத்தில் அழுவது அடுப்படி வரைக்கும் கேட்டது.

படம் நன்றாக ஓடியது. யொர்தானிஸ் இன்னும் கேசட்டுகள் வரவழைத்தார். ஜன்னலுக்கு அடியில் போகிறவர்கள் ஆடு மாதிரி கத்திவிட்டுப் போனார்கள். மீன்காரர் அப்பாவைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினார். எல்லாம் பிரியமாகத்தான். அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

கோவிலில் அப்பா பாட எழுந்து மூச்சை இழுத்து நின்றபோது, பெண்கள் பக்கம் யாரோ இருமினார்கள். இருமல் இல்லை அது. அடுத்த ஞாயிறிலிருந்து அப்பா நிற்காமல் பாடினார். மூச்சு போதாமல் குரல் நடுவில் உடைந்தது. நான் கோவிலுக்குப் போவதை நிறுத்திக்கொண்டேன்.

கிறிஸ்துமஸுக்குத் திராசோஸ் மாமா கேக்கோடு வந்து வாசலிலேயே நின்றார். "உள்ள வா திராசோ," என்றார் அப்பா. கும்பாரே என்று சொல்லவில்லை. மாமா கேக்கை அம்மா கையில் கொடுத்துவிட்டு, கோட்டைக் கழற்றாமல் பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுப் போனார்.

பிப்ரவரியில் ஒரு காலை போன் அடித்தது. எடுத்தேன். தூரத்து இரைச்சல். யாரும் பேசவில்லை. பிறகு ஓர் ஆண் குரல் ஆடு மாதிரி கத்தியது. நன்றாகக்கூடக் கத்தத் தெரியவில்லை.

தெருக்காரர்கள் போனிலும் ஆரம்பித்துவிட்டார்கள் என்று நினைத்தேன். முகம் சூடாகியது. வைத்துவிடப் போனேன்.

"வைக்காதம்மா," என்றது குரல். "தொப்பியக் கழட்டிட்டேன்னு சொல்லு."

அப்பா முகச்சவர நுரையோடு வந்தார். யார் என்று கேட்டார்.  போனை நீட்டினேன். நுரை காதில் ஒட்ட வைத்துக் கேட்டார். அந்தப் பக்கம் நீண்ட நேரம் பேச்சு. ஒரு வார்த்தையும் எனக்குக் கேட்கவில்லை. பிறகு அந்தப் பக்கமும் நின்றுவிட்டது.

அப்பா மூச்சை இழுத்தார். ஒரு கணம் அப்படியே நின்றார்.

"நாற்காலியத் தின்னுட்டியேடா," என்றார்.

நான் அங்கே நிற்கக்கூடாது என்று தோன்றியது. அடுப்படிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அப்படியும் கேட்டது. அப்பா சிரித்துக் கேட்டதே இல்லாததால், அவருக்கு இருமல் வந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன்.